பேராதனையில் ராத்தாவைப் பார்த்தவர்கள்

எங்கள் ஊரில் ஒரு குடும்பம் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் புறப்படுகிறது என்றால், பூப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். அந்த வீட்டில் கலியாணத்துக்குப் பெண் இருக்கிறாளா என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் இருந்தாள். என் ராத்தா, அதாவது அக்கா, வயது பத்தொன்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டிப் பக்கத்து அலவத்துகொடையில், பத்தொன்பது வயதுப் பெண் வீட்டில் இருப்பது கூரையில் ஓட்டை இருப்பது மாதிரி. வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்து, "இன்னம் சரிபண்ணல்லயா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

ராத்தாவிடம் ஊர் இரண்டு குறைகளைக் கண்டுபிடித்திருந்தது. ஒன்று, உயரம். வாப்பா தன் சிவப்புத் துருக்கித் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றால்தான் அவளுக்குச் சமமாக வருவார். மற்றது, சிரிப்பு. வாயை மூடிக்கொண்டு சிரிக்க அவளுக்குத் தெரியாது. அதற்கு முன் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்களும் வீட்டுக்குள் உட்கார்ந்து, இனிப்பு வட்டிலப்பத்தை வழித்துச் சாப்பிட்டு, "நல்ல புள்ள" என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போய், ஒரு கிழமை கழித்து ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்கள். அவர்கள் வேண்டாம் என்றதைவிட, அவர்கள் வந்துபோனதை முழுத் தெருவும் பார்த்திருந்தது என்பதுதான் உம்மாவுக்குப் பெரிய துக்கம்.

அதனால் மூன்றாவது முறை பூந்தோட்டம் என்று முடிவானது. அந்த முறையை வெளியூர்க்காரருக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம். இரண்டு குடும்பங்களும் ஒரே நாளில் "தற்செயலாக" தோட்டம் பார்க்கப் போவார்கள். ஒரே மரத்தடியில் தற்செயலாகப் பாய் விரிப்பார்கள். ஆண்கள் தூரமாகப் போய்விட, பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பெண்ணைப் பிடித்துப்போனால் மாப்பிள்ளையின் தாய் போகும்போது, "எங்கட பக்கமும் ஒரு நாளைக்கு வாங்கொ" என்பார். பிடிக்காவிட்டால், "தோட்டம் நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். யாரும் யார் வீட்டுக்கும் வரவில்லை. ஆகவே யாரையும் யாரும் வேண்டாம் என்று சொல்லவுமில்லை. இதெல்லாம் சரியாக நடக்க ஒரேயொரு நிபந்தனை: நீங்கள் யார், எந்த ஊர் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், எதிர்பார்த்து வந்திருக்கிறோம் என்று வெளியாகிவிடும். மானம் போய்விடும். ஒன்பது வயதில் எனக்கு இது சுத்த மடத்தனமாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

இந்தத் தடவையும் சரிவராவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பதுளையில் கடை வைத்திருந்த ஒருவர், மனைவி மௌத்தாகித் தனியாக இருந்தவர், ராத்தாவைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். நல்ல மனிதர்தான், தொழுகையாளி, யாருக்கும் கெடுதல் செய்யாதவர். ஆனால் அவருடைய மூத்த மகனே ராத்தாவைவிட இரண்டு வயது பெரியவன். வரும் வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ராத்தா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த மாதம் முழுவதும் அவள் சிரிக்கவேயில்லை. ஊர் சொன்ன குறை இல்லாமல் போனதும் வீடு எப்படி இருக்கும் என்று நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கண்டி ஓடுகிற பஸ் ஒன்று வாசலில் வந்து நின்றது. அதை வாப்பா அன்று முழுவதற்கும் பேசி எடுத்திருந்தார். பெண்கள் போகிற பஸ் என்பதால் சன்னல்களுக்கெல்லாம் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கட்டினோம். முன்னால் ஆண்களுக்கும் பின்னால் எங்களுக்கும் இடையிலும் ஒரு விரிப்பு. ஏற்றியது என்னவென்றால், ஒரு பெரிய செம்புச் சட்டி நிறைய நெய்ச்சோறு, கோழிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், அச்சாறு, இரண்டு தட்டு வட்டிலப்பம், எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டு, பாய்கள், தண்ணீர்க் குடம். கடைசியாக ராத்தா, பச்சைச் சாரியில், தலை குனிந்து.

பஸ் அக்குறணையைத் தாண்டும்வரை உம்மா அவளுக்குப் பாடம் நடத்தினாள்.

"நாங்க பாய்ல குந்தின பொறகு எழும்பவே கூடா. வெளங்கிச்சா மகள்? குந்தி ஈக்கிற நேரம் ஒங்கட உசரம் ஆருக்கும் தெரியாது."

"தண்ணி எடுக்கணும் எண்டா?" என்றாள் ராத்தா.

"ஒங்கட சாச்சி எடுப்பா. சிரிக்கவும் கூடா. சிரிப்பு வந்தா சுபுஹானல்லா செல்லுங்கொ."

சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, "தொண்டயக் கனச்சாலும் சரிதான்" என்று தன் பங்குக்குச் சேர்த்தாள். பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மாப்பிள்ளை என்ற சொல் என் வாயில் வந்தால் நாக்கில் மிளகாய்த் தூள் வைப்பதாக உம்மா சத்தியம் செய்தாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நான் விரிப்பை ஒதுக்கி ஆற்றைப் பார்த்தேன். அதற்கும் ஒரு குட்டு விழுந்தது.

அடையாளம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். சம்பந்தம் பேசியவர் வாப்பாவிடம் சொல்ல, வாப்பா உம்மாவிடம் சொன்னது இது: கலகெதரை ஆட்கள். தாய் நல்ல தாட்டியான மனுசி. கையில் வெள்ளி வெற்றிலைச் செப்பு. கூட இரண்டு மகள்மார். பதினொரு மணிக்கு, குடைபோல விரிந்து நிற்கிற அந்தப் பெரிய மரத்தடிக்கு வருவார்கள். கேட்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் கலியாண வயதில் மகன் இருக்கிற எந்த முஸ்லிம் வீட்டுத் தாய் தாட்டியாக இல்லை? எவள் கையில் வெற்றிலைச் செப்பு இல்லை? இதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

தோட்டத்துக்குள் போனதும் வாப்பாவும் பஸ்காரரும் மகாவலி ஆற்றங்கரையின் மூங்கில் பக்கம் போய்விட்டார்கள். நாங்கள் குடைமரத்தடியில் பாய் விரித்தோம். முந்தின இரவு மழை பெய்து புல்லெல்லாம் ஈரம். மேலே வேறு மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கிக்கொண்டு சச்சரவு பண்ணின. தூரத்தில் தொப்பி வைத்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் ஒரு செடியின் முன்னால் நின்று அதன் பெயரை வாசித்தார்கள். ஓட வேண்டும்போல எனக்குக் கால் குறுகுறுத்தது. ராத்தா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடித்து வைத்த சாரி மாதிரி, தன்னைச் சின்னதாக்கிக்கொண்டு.

பதினொரு மணி இருக்கும். பாதையில் ஒரு தாட்டியான மாமி வந்தார். கையில் வெள்ளிச் செப்பு. பின்னால் இரண்டு பெண்கள், ஒருத்தியின் இடுப்பில் குழந்தை. மரத்தின் நிழலைக் கண்டு நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து ஸலாம் சொன்னார். உம்மா சாச்சியின் தொடையில் கிள்ளினாள். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் சாச்சி "ஆ" என்றாள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் கலகெதரை மாமி இல்லை. கம்பளையிலிருந்து உண்மையாகவே தோட்டம் பார்க்க வந்த ஒரு மாமி. அதை எங்களில் யாராவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். ஆனால் கேட்கக் கூடாதே!

"வாங்கொ வாங்கொ! என்ன பொருத்தம் பாருங்க, நாங்களும் சும்மா தற்செயலாத்தான் வந்த!" என்றாள் உம்மா. குரலில் தேன் வடிந்தது.

"அப்பிடியா?" என்றார் மாமி. பாவம், தோட்டத்துக்கு வேறு எப்படி வருவது என்று அவருக்கு விளங்கியிருக்காது.

அவரைப் பாயின் நடுவில் இருத்தினார்கள். சாச்சி விசிறினாள். உம்மா தண்ணீர் கொடுத்தாள், குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள், யாரும் கேட்காமலே ராத்தாவின் சமையலைப்பற்றியும் தையலைப்பற்றியும் ஓதலைப்பற்றியும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மாமி பொறுமையாகத் தலையாட்டினார். அவரும் ஒரு கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை அவிழ்க்கப் போனபோது உம்மா பாய்ந்து தடுத்தாள்.

"அது நடக்காது! நீங்க எங்களோடதான் தின்னணும்!"

"அல்லாஹ்வே, எங்களில ஒங்களுக்கு ஏத்துக்கு இவ்வளவு இரக்கம்?" என்றார் மாமி.

உம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அதை அவள் ஒரு நளினமான சாடை என்று எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மாமியின் மகள் வீரிட்டாள். மாமியின் கணுக்காலிலிருந்து இரத்தம் வழிந்து கொண்டிருந்தது. ஈரப் புல்லில் வந்த அட்டை ஒன்று கொழுத்துத் தொங்கியது. மாமிக்கு வேறெதற்கும் பயமில்லை போலும், ஆனால் அட்டையைக் கண்டதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இறைநேசர்களான அவ்லியாக்கள் எல்லாரையும் கூப்பிடத் தொடங்கிவிட்டார். அவருடைய இரண்டு பெண்களும் பாயின் மறு ஓரத்துக்குப் போய்விட்டார்கள். சாச்சி அதற்கு முன்பே போய்விட்டாள்.

ராத்தா எழுந்தாள். உம்மா அவள் சாரித் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். ராத்தா அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு, முழு உயரத்துக்கும் நிமிர்ந்து, பாயைச் சுற்றி நடந்துபோய், மாமியின் செப்பைத் திறந்து விரல் நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு அட்டையின்மேல் தடவினாள். அட்டை சுருண்டு விழுந்தது. காயத்தை நனைத்துத் துடைத்து, வெற்றிலை ஒன்றைக் கிள்ளி ஒட்டினாள். மாமி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு மற்றக் கண்ணையும் திறந்து, அண்ணாந்து, இன்னும் அண்ணாந்து பார்த்தார்.

"யா அல்லாஹ்! எவ்வளவு உசரம்!"

உம்மா இருந்த இடத்திலேயே இருந்தாள். வாய் மட்டும் ஸலவாத்துச் சொன்னது.

"எங்கட மகனும் இப்பிடித்தான் புள்ள," என்றார் மாமி. "ஊட்டுல எந்த வாசல்ல நொழஞ்சாலும் நெத்தி இடிபடும். மூணு வாசல்ல சாக்குக் கட்டி ஈக்கி. அவருக்கு வாய்ச்ச புத்தி, சாக்குக் கட்டாத நாலாவது வாசல்லதான் எப்பவும் நொழவாரு!"

ராத்தா சுபுஹானல்லா சொன்னாளா, தொண்டையைக் கனைத்தாளா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் பிரயோசனம் இருக்கவில்லை. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு முழுவதும் ஒரேயடியாக வந்தது. வௌவால்கள் சச்சரவை நிறுத்தின. வெள்ளைக்காரப் பெண்கள் செடியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அதைவிடப் பெரிய அதிசயம், அவளைவிடச் சத்தமாக மாமி சிரித்ததுதான். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாவிட்டாலும் எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரே தட்டில் ஏழு பேர் சாப்பிடும்போது அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் தின்பதுதான் ஒழுங்கு. நல்ல துண்டைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட்டால் அது அன்பு. மாமி தன் முன்னால் கிடந்த கோழிக் காலை ராத்தாவின் பக்கம் தள்ளினார். ராத்தா அதைத் திருப்பித் தள்ளினாள். கால் மூன்று முறை போய் வந்தது. கடைசியில் அதை நான் எடுத்துச் சாப்பிட்டேன். உம்மா அதற்கு என்னைக் குட்டவில்லை. அவள் முகம் ஏற்கனவே கலியாண வீட்டு முகமாகியிருந்தது. நெய்ச்சோறு தீர்ந்தது, கறி தீர்ந்தது, இரண்டு தட்டு வட்டிலப்பமும் தீர்ந்தது. பிறகு வருகிறவர்களுக்கு என்று எதையாவது எடுத்து வைக்க உம்மாவுக்கு என்ன காரணம் இருந்தது?

ராத்தா குழந்தையைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்து மரக் கிளையைத் தொடவைத்துக் கொண்டிருந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. குழந்தையும் அவளும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான், பாதையில் இன்னொரு தாட்டியான மாமி வந்தார். கையில் வெள்ளிச் செப்பு. பின்னால் இரண்டு மகள்மார், கசங்காத சாரியில்.

மரத்தடிக்கு வந்து நின்று, எங்கள் எல்லாரையும் ஒரு முறை கண்ணாலேயே அளந்து, "நாங்க தற்செயலா இந்தப் பக்கம் வந்த," என்றார். "வழியில கார் டயருக்குக் காத்துப் பெய்த்து. அதான் வரச் சொணங்கிப் போன."

உம்மா ஒரு செப்பைப் பார்த்தாள். மற்றச் செப்பைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து கலியாண வீடு மெதுவாக எழுந்து வெளியே போனதை நான் கண்ணால் கண்டேன். பாயில் கிடந்தவை கோழி எலும்புகள், வழித்த வட்டிலப்பத் தட்டுகள், அச்சாற்றில் ஒரு சின்ன வெங்காயம். பெண் பார்க்க வந்தவர்களுக்கு வைக்க ஒரு பிடி சோறு கிடையாது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவும் முடியாது, ஏனென்றால் யாரும் யாரையும் எதிர்பார்த்து வரவில்லை. ராத்தா குழந்தையை இறக்கி, முக்காட்டை இழுத்துக்கொண்டு, உட்கார்ந்தாள். இரண்டு நொடியில் அவள் பாதியாகிவிட்டாள்.

கம்பளை மாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எப்படி என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த தாய்மாருக்கு விளங்கும்போல. அவர் சத்தமில்லாமல் தன் கூடையை முன்னால் இழுத்து, முடிச்சை அவிழ்த்து, உம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, நீங்க எடுத்து வெச்ச சாப்பாட்ட மறந்திட்டீங்களே. இந்தா ஈக்கி. வந்தவங்களுக்குக் குடுங்கொ."

உள்ளே இடியப்பமும் இறைச்சிக் கறியும் சம்பலும் இருந்தன. தன் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு. உம்மா அதை வாங்கிப் பாயில் பரப்பினாள். அந்த மாமியை நான் அந்த நிமிடத்திலிருந்து நேசிக்கத் தொடங்கினேன்.

கலகெதரை மாமி இரண்டு இடியப்பத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். பிறகு வேலையைத் தொடங்கினார்.

"மகள், கொஞ்சம் எழும்புங்க."

ராத்தா எழுந்தாள்.

"கையக் காட்டுங்க."

ராத்தா காட்டினாள். விரல் நுனியில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது.

"அந்த மரம் மட்டுக்கும் நடந்து பெய்த்து வாங்க, பாப்பம்."

ராத்தா நடந்தாள். நாங்கள் எட்டுப் பேரும் அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போகும்போது அவள் முதுகையும், வரும்போது அவள் முகத்தையும். அந்த முகத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. எழுந்து காலால் புல்லை உதைத்தேன். கம்பளை மாமி மட்டும் பார்க்கவில்லை. அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி, குழந்தையின் சட்டையைச் சரிபண்ணிக் கொண்டிருந்தார்.

கலகெதரை மாமி மகள்மாருடன் ஏதோ குசுகுசுத்தார். பிறகு எழுந்து, "உசரம்தான்," என்றார். "பரவாயில்ல. எந்த நேரமும் மாப்பிள்ளைக்குப் பக்கத்துலயே நிக்கத் தேவயில்லத்தானே. எங்கட பக்கமும் ஒரு நாளைக்கு வாங்கொ."

உம்மா இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சரிவந்துவிட்டது! இத்தனை மாதக் கவலை ஒரு வாக்கியத்தில் முடிந்தது. அவளை நான் குறை சொல்லமாட்டேன். பதுளைக்காரரின் நினைப்பில் அவள் எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். கலகெதரை ஆட்கள் போன பிறகு, கம்பளை மாமியும் வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ராத்தாவின் தலையில் ஒரு முத்தம் கொடுத்தார். "நல்லா இரிங்க மகள்," என்று மட்டும் சொன்னார். எங்கள் பக்கம் வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. இன்னொருவர் பேசி முடித்த பெண்ணிடம் அப்படிச் சொல்வது மரியாதையில்லை அல்லவா.

அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகும் நாங்கள் பாய் சுருட்டி, சட்டி கழுவி, எல்லாவற்றையும் ஏற்ற நேரமெடுத்தது. வாப்பா மூங்கில் பக்கமிருந்து நல்ல சந்தோசமாக வந்தார். தலையில் தொப்பி இல்லை. அது கையில், நனைந்து, உருவம் கெட்டு, குஞ்சத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று அதை ஆற்றில் தள்ளிவிட்டதாம். கம்பளை ஆள் ஒருவர், வாட்டசாட்டமான பொடியன், பள்ளிக்கூடத்தில் மாஸ்டராக இருப்பவர், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்துக் கொடுத்தாராம். பஸ்காரர் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பப் பாடுபட்ட நேரமெல்லாம் வாப்பா அந்த மாஸ்டரைப் பற்றியே பேசினார். ஆண்கள் ஒருவரையொருவர் கண்டவுடன் ஊரும் பேரும் தொழிலும் கேட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு அதில் மானம் போகாது.

உம்மா விரிப்புக்குப் பின்னாலிருந்து குரலைத் தாழ்த்தி, "சரிவந்துட்டு," என்றாள். "எங்கட பக்கம் வாங்க எண்டு செல்லிட்டுப் போறாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் வாப்பா.

"வாப்பா, எனக்கு வேணாம்."

ராத்தா தன் கலியாணத்தைப்பற்றிப் பேசியதை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. எஞ்சின் கிளம்பிவிட்டது, ஆனாலும் அவள் குரல் அதற்குமேல் கேட்டது. வாப்பா விரிப்பை ஒதுக்கித் திரும்பிப் பார்த்தார். பஸ் மெல்லத் தோட்ட வாசலைத் தாண்டியது.

"என்ன செல்ற நீங்க? அப்ப அந்தப் பதுளை மனிசனத்தான்..." என்று உம்மா தொடங்கினாள்.

"அதுவும் வேணாம்."

"ஏன் மகள்?" என்றார் வாப்பா. அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"அவங்க என்ன நடந்து காட்டச் சொன்னாங்க, வாப்பா. நான் நடந்தன். இனி ஆருக்கும் நடக்க ஏலாது."

எனக்கு அடக்க முடியவில்லை. "மொதல்ல வந்த மாமிதான் நல்லம்," என்று கத்தினேன். "அவங்க இவவ நடக்கச் செல்லல்ல. அவங்களுக்கு மகன் ஒராள் ஈக்கி. உசரமாம். வாசல்லெல்லாம் நெத்தி இடிபடுமாம்!"

உம்மா என் வாயைப் பொத்தினாள். வாப்பா மட்டும் தன் நனைந்த தொப்பியை ஒருமுறை பார்த்துவிட்டு, "நெத்தியில தழும்பு ஈக்கிற பொடியனா?" என்றார். "மூங்கில்லயும் இடிச்சிக்கிட்டாரே, என் கண்ணுக்கு முன்னால!"

"அவங்க பொண்ணு பாக்க வந்த ஆக்கள் இல்ல எண்டு ஒங்களுக்கு எப்ப தெரியும்?" என்று சாச்சி ராத்தாவின் காதில் கேட்டாள்.

"அட்ட கடிக்க முன்னமே," என்றாள் ராத்தா. "பொண்ணு கேக்க வந்த மனிசி, எங்களில ஏத்துக்கு இவ்வளவு இரக்கம் எண்டு கேப்பாவா?"

ஆகவே அவள் தெரிந்துகொண்டுதான் எழுந்து நின்றிருக்கிறாள், தெரிந்துகொண்டுதான் சிரித்திருக்கிறாள். பெண் பார்க்க வராதவர்கள் முன்னால்தான் என் ராத்தா ராத்தாவாக இருந்தாள்.

பேராதனைச் சந்தியில் கம்பளை பஸ்ஸுக்காக அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். மாமி ஒரு கல்லில் இருந்தார். பக்கத்தில் இடுப்புவரை நனைந்த நெட்டையான ஒருவர், சாரனைப் பிழிந்துகொண்டு நின்றார். வாப்பா பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். முதலில் உம்மாதான் இறங்கினாள். பஸ்ஸிலிருந்து றோட்டில் இறங்கி, ஊரார் முன்னால் ஒருவரிடம் பேசப்போன உம்மாவை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"நாங்க ஆள் மாறித்தான் ஒங்களக் கூப்பிட்ட," என்றாள். மறைக்காமல், அழாத குறையாகச் சொன்னாள்.

"தெரியும் தங்கச்சி," என்றார் மாமி. "அதுக்கென்ன, நல்ல கோழிக் கறி."

"ஒங்கட மகனுக்கு எங்கயும் பேசி ஈக்கா?"

"இல்ல."

"அப்ப எங்கட மகள..." என்று உம்மா இழுத்தாள். பெண் வீட்டார் வாய் திறந்து கேட்பது எங்கள் வழக்கமில்லை. வாப்பா அவள் பின்னால் வந்து நின்றுகொண்டார். மாமி தன் மகனைப் பார்த்தார். அவர் எங்கள் பஸ்ஸைப் பார்த்துவிட்டு அவசரமாக வேறெங்கோ பார்த்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. மாமிக்கு அது போதுமாக இருந்தது போலும். எழுந்தார். உம்மாவையும் வாப்பாவையும் கடந்தார். நேராகப் பஸ்ஸுக்கு வந்து, ராத்தா இருந்த சன்னலின் விரிப்பை ஒரு விரலால் ஒதுக்கினார்.

"மகள், ஒங்களுக்கு விருப்பமா?"

ராத்தாவின் உயரத்தைக் கேட்டிருக்கிறார்கள். வயதைக் கேட்டிருக்கிறார்கள். சமையலையும் நிறத்தையும், எத்தனை முறை குர்ஆன் ஓதி முடித்தாள் என்பதையும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பெண் பேச்சு எத்தனையோ நடந்திருக்கிறது. இந்தக் கேள்வியை நான் அன்றுதான் காதால் கேட்டேன். ராத்தாவும் அன்றுதான் கேட்டிருக்க வேண்டும். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், வந்தது அழுகை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். மாமி அவசரப்படுத்தவில்லை. அவள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"விருப்பம் மாமி," என்றாள் ராத்தா கடைசியில்.

உம்மா றோட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸின் படியில் ஏறியவள் அப்படியே அதில் உட்கார்ந்துவிட்டாள். ராத்தாவைப் பார்க்காமல், தன் மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இத்தன நாளா நான் கேக்கல்லயே மகள்."